ஆக்சலாட்டல் குஞ்சுகளுக்கு உயிருணவு: எது பாதுகாப்பானது, எங்கிருந்து எடுப்பது?

வாணி, ஹாரோ (கேள்வி)

உறவுகளுக்கு வணக்கம்.

நாங்கள் லண்டனின் வடமேற்கே ஹாரோவில் வசிக்கிறோம். எங்கள் தொட்டியில் வளரும் ஆக்சலாட்டல் (பல்லி போன்ற உருவத்தோடு வாழ்நாள் முழுதும் நீரிலேயே வாழும் ஈரூடகவாழி) சோடி அண்மையில் சில நூறு முட்டைகளை நீர்ச்செடிகளின் இலைகளில் இட்டது. பெரியவையே முட்டைகளைத் தின்றுவிடும் என்று அறிந்து, இலைகளோடு சேர்த்து எடுத்து வேறு தட்டுகளுக்கு மாற்றிவிட்டோம். நேற்றிலிருந்து அவை பொரிக்கத் தொடங்கியிருக்கின்றன. குஞ்சுகள் ஒரு சென்ரிமீற்றரைச் சற்றே தாண்டிய நீளத்தில், உள்ளிருப்பது வெளியே தெரியும் அளவுக்கு மெல்லிய உடலோடு, கால்கள் இன்னும் முளைக்காமல், தலையின் இருபுறமும் கிளைவிட்ட செவுள்களோடு தட்டின் அடியில் அசையாமல் கிடக்கின்றன.

இவற்றுக்கு உயிரோடு அசையும் உணவுதான் கொடுக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் எதை, எங்கிருந்து எடுப்பது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் கிடைக்கிறது. பூங்காக் குளத்தில் வலை போட்டால் நீர்த்தெள்ளு (டாஃப்னியா என்னும் மிகச் சிறிய நீருயிர்) வேண்டிய மட்டும் கிடைக்கும் என்கிறார் அயலவர் ஒருவர். மீன் கடையில் உயிருள்ள சிவப்புப் புழுக்களைச் சிறு பைகளில் விற்கிறார்கள். எங்கள் பின்வளவில் மழைநீர் பிடிக்கும் பீப்பாயில் நுளம்புக் குடம்பிகள் நெளிகின்றன. இவற்றில் எது குஞ்சுகளுக்குத் தீங்கில்லாதது? எப்போது கொடுக்கத் தொடங்க வேண்டும்? எங்கள் எட்டு வயது மகன் இந்த வேலைகள் எல்லாவற்றிலும் கூட நிற்க விரும்புகிறான். அதனால் அவனுக்கோ குஞ்சுகளுக்கோ கெடுதல் வருமா? அனுபவம் உள்ளவர்கள் விளக்கமாக எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.


இளங்கோ, வியன்னா

வணக்கம் வாணி அவர்களே. ஆக்சலாட்டல்களை வளர்க்கும் ஆய்வுக்கூடம் ஒன்றில் விலங்குப் பராமரிப்புப் பணியில் இருக்கிறேன். குஞ்சுகளுக்கு உணவிடுவது என் அன்றாட வேலை.

நீங்கள் அவசரப்பட வேண்டியதில்லை. பொரித்த குஞ்சின் வயிற்றில் மஞ்சள் கரு மிச்சம் இருக்கும். ஏறத்தாழ இரண்டு மூன்று நாட்களுக்கு அதுவே அதன் உணவு. அது தீர்ந்து, குஞ்சு அடியிலிருந்து எழும்பி, அருகில் எது அசைந்தாலும் தலையைத் திருப்பிப் பாயத் தொடங்கும்போது உணவு கொடுக்கத் தொடங்குங்கள். அதற்கு முன் போட்டால் அது செத்து அழுகி நீரைக் கெடுக்கும்.

உயிருணவு எதற்கு என்பதும் அந்தப் பாய்ச்சலைப் பார்த்தாலே விளங்கும். இந்த வயதில் மோப்பம் பிடித்து உணவைத் தேடும் பழக்கம் வந்திருக்காது. முன்னால் ஒன்று அசைந்தால் சட்டென்று வாயைத் திறந்து, நீரோடு சேர்த்து அதை உறிஞ்சி விழுங்கிவிடும். கடித்துத் துண்டாக்கும் திறன் அதற்குக் கிடையாது. எனவே இரை அசைய வேண்டும். வாய்க்குள் முழுதாக அடங்கவும் வேண்டும். இந்த இரண்டுக்கும் மிகச் சரியாகப் பொருந்துவது ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர் இறாலின் அன்று பொரித்த குஞ்சு. அதன் நீளம் சுமார் அரை மில்லிமீட்டர். உலர்ந்த முட்டையாக வாங்கி, வீட்டிலேயே உப்பு நீரில் பொரித்துக்கொள்ளலாம் என்பதால், குளத்து நோய்களும் குளத்துப் பூச்சிகளும் அதனோடு ஒட்டிக்கொண்டு வருவதில்லை. உங்கள் கேள்விக்கு என் பதிலின் சாரம் இதுதான்: உணவு எங்கிருந்து வந்தது என்பதை நீங்களே அறிந்திருக்க வேண்டும்.

ஆகவே பூங்காக் குளத்தை அடியோடு மறந்துவிடுங்கள். வலையில் நீர்த்தெள்ளு மட்டும் வராது. தட்டானின் இளவுயிரியும் நீர் வண்டின் இளவுயிரியும் சிறியதாக இருக்கும்போது கண்ணுக்குத் தப்பி வந்துவிடும். அவை உங்கள் குஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தின்று வளரும். ஹைட்ரா அதைவிட நயவஞ்சகமானது. சில மில்லிமீட்டர் நீளமே உள்ள அது தட்டின் சுவரில் ஒட்டிக்கொண்டு, கொட்டும் செல்கள் நிறைந்த தன் கைகளை நீட்டி வைத்திருக்கும்; கால் முளைக்காத குஞ்சு அதில் உரசினால் தப்பிப்பது கடினம்.

இவற்றையாவது லென்ஸ் வைத்துத் தேடிப் பிடிக்கலாம். நோய்களைப் பிடிக்க முடியாது. தவளை, சாலமாண்டர் போன்ற இருவாழ்விகளை உலகெங்கும் அழித்துவரும் கைட்ரிட் பூஞ்சையின் வித்துகள் குளத்து நீரிலேயே நீந்தித் திரிபவை. நெதர்லாந்தில் தீச்சாலமாண்டர்கள் கூட்டம் கூட்டமாக மடிந்ததை ஆராய்ந்தபோது, சாலமாண்டர்களையே குறிவைக்கும் இன்னொரு கைட்ரிட் இனம் 2013இல் கண்டறியப்பட்டது. பிரிட்டனில் தவளைகளைக் கொல்லும் ரானா வைரஸ் 1980களிலிருந்தே தோட்டக் குளங்களில் இருந்துவருகிறது. ஒரு குவளை நீர்த்தெள்ளுக்காக இவற்றில் எதையும் வீட்டுக்குள் அழைத்து வரத் தேவையில்லை.

கடையில் பையில் விற்கும் சிவப்புப் புழு பெரும்பாலும் டியூபிஃபெக்ஸாக இருக்கும். கழிவு கலந்த சேற்றில் வாழும் புழு அது. எவ்வளவு கழுவினாலும் அதன் குடலில் இருப்பது போகாது. நான் பெரிய விலங்குகளுக்கும் அதைக் கொடுப்பதில்லை. பீப்பாயிலுள்ள நுளம்புக் குடம்பி இந்தக் குஞ்சுகளின் வாய்க்கு இப்போது பெரியது. தின்னாமல் விட்டதெல்லாம் உங்கள் வரவேற்பறையில் நுளம்பாகப் பறக்கும். குஞ்சுகள் வளர்ந்த பிறகு, அந்தப் பீப்பாயில் பூச்சிமருந்து எதுவும் கலக்கவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால், சிறிதளவு கொடுக்கலாம்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. உலகின் ஆய்வுக்கூடங்களிலும் வீடுகளிலும் இருக்கும் ஆக்சலாட்டல்களில் மிகப் பெரும்பாலானவை, மெக்சிகோவிலிருந்து பாரிசுக்குக் கொண்டுவரப்பட்டு 1864இல் அங்கே வளர்க்கத் தொடங்கிய ஒரு சில விலங்குகளின் வழிவந்தவை. அவற்றின் தாயகமான, மெக்சிகோ நகரத்துச் சோச்சிமில்கோ கால்வாய்களிலோ 1998இல் ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 6,000 இருந்ததாகக் கணக்கிட்டார்கள். 2014இல் அது 36 ஆகக் குறைந்திருந்தது. உங்கள் தட்டில் கிடப்பது அவ்வளவு அருகிப்போன உயிர் என்பதால்தான் இவ்வளவு கண்டிப்பாக எழுதுகிறேன்.


சேகர், மரக்காணம்

சகோதரிக்கு வணக்கம். நான் ஆக்சலாட்டல் வளர்த்ததில்லை. ஆனால் கடற்கரையோரம் இறால் குஞ்சு பொரிப்பகம் ஒன்றில் ஆர்ட்டீமியா பிரிவில் வேலை செய்கிறேன். இறால் குஞ்சுகளுக்கும் இதுதான் உணவு. இளங்கோ ஐயா சொன்னதை வீட்டில் செய்யும் முறையை எழுதுகிறேன்.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 முதல் 30 கிராம் வரை அயோடின் சேர்க்காத கல் உப்பு போதும். அதில் ஒரு கிராம் முட்டை போடுங்கள். அதற்கு மேல் போட்டால் பொரிக்கும் விகிதம்தான் குறையும். அடிப்பக்கம் வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலைத் தலைகீழாக நிறுத்தி, மூடியில் ஓட்டையிட்டு, சிறு குழாயும் அடைப்பானும் பொருத்திக்கொண்டால் அறுவடை எளிதாகும். காற்றுக் குழாய் பாட்டிலின் அடிவரை செல்ல வேண்டும். ஒரு முட்டைகூடத் தங்காமல் எல்லாம் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் 26 முதல் 28 டிகிரி வெப்பத்தில் இருக்கட்டும். முதல் சில மணி நேரமாவது நல்ல வெளிச்சம் பட வேண்டும். உங்கள் ஊர்க் குளிரில் பாட்டிலை ஒரு வெந்நீர்த் தொட்டிக்குள் நிறுத்தினால்தான் இந்த வெப்பம் கிடைக்கும். சுமார் 24 மணி நேரத்தில் தண்ணீர் பழுப்பிலிருந்து ஆரஞ்சு நிறத்துக்கு மாறும். அப்போது நாப்ளி, அதாவது குஞ்சு, பொரித்துவிட்டது என்று பொருள்.

இனிச் சொல்வதுதான் முக்கியம். முட்டை ஓடு செரிக்காது. நாப்ளியோடு ஓடும் சேர்ந்து உள்ளே போனால் சிறிய குடல் அடைத்துக்கொள்ளும். எனவே காற்றை நிறுத்தி, பாட்டிலின் மேல்பகுதியைக் கறுப்புத் துணியால் மூடி, அடியில் மட்டும் விளக்கு படும்படி வையுங்கள். ஓடுகள் மேலே மிதக்கும். நாப்ளிகள் வெளிச்சத்தை நாடிக் கீழே திரளும். ஐந்து முதல் பத்து நிமிடம் போதும். அதைவிட நேரம் விட்டால் கீழே நெருக்கியடித்துக் கிடப்பவை மூச்சு முட்டிச் சாகும். அடைப்பானைத் திறந்ததும் முதலில் வரும் கொஞ்சத்தைக் கொட்டிவிடுங்கள், அதில் பொரிக்காத முட்டைகள் இருக்கும். பிறகு வரும் ஆரஞ்சுத் தண்ணீரை நெருக்கமான வலைத்துணியில் பிடியுங்கள். எங்கள் வேலையில் 120 மைக்ரான் துணி வைத்திருப்போம். ஓடுகள் இறங்கி வருவதற்குள் அடைத்துவிட வேண்டும். பிடித்ததைக் குளோரின் நீக்கிய நல்ல தண்ணீரில் நன்றாக அலசிய பிறகே குஞ்சுகளுக்குக் கொடுங்கள். அலசாவிட்டால் ஒவ்வொரு வேளையும் உப்பு சேர்ந்துகொண்டே போகும்.

பொரித்த முதல் சில மணி நேரத்தில்தான் நாப்ளியின் உடலில் ஊட்டம் முழுமையாக இருக்கும். அது தன் சேமிப்பைக் கரைத்துத்தான் உயிர் வாழ்கிறது. முதல் தோலை உரித்த பின் உருவம் பெரிதாகும், சத்துக் குறையும். மிச்சத்தை உப்புநீரோடு குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் ஒரு நாள் வரை அந்த இழப்பு குறைவாக இருக்கும். இரண்டு பாட்டில்களை ஒரு நாள் இடைவெளியில் மாற்றி மாற்றிப் போட்டால் தினமும் புதியது கிடைக்கும். திறந்த முட்டை டப்பாவில் ஈரம் புகுந்தால் பொரிப்பே இருக்காது. இறுக மூடிக் குளிரில் வையுங்கள்.

பிளீச்சிங் திரவத்தில் ஓட்டைக் கரைத்துவிடும் முறையும் உண்டு. நாங்கள் முகமூடி, கையுறையோடு செய்வோம். சூடேறும், நெடியும் வரும். பிள்ளை இருக்கும் வீட்டில் அது வேண்டாம் என்பது என் கருத்து.

இந்த உயிர் நம் ஊருக்குப் புதியதல்ல. தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களில் ஆர்ட்டீமியா இயற்கையாகவே வாழ்கிறது. ஆனால் கடைகளில் டப்பாவில் வரும் முட்டையில் கணிசமான பங்கு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பெரிய உப்பு ஏரியில் அள்ளியது.


மாடித்தொட்டி, திருச்சி

நீர்த்தெள்ளையே ஒதுக்கிவிட வேண்டாம் என்று மட்டும் சொல்ல வருகிறேன். குளத்து நீர்த்தெள்ளுதான் ஆபத்து. வளர்ப்பவரிடம் தாய்க்கூட்டம் வாங்கி, தனித் தொட்டியில் நீங்களே பெருக்கிக்கொண்டது அப்படியல்ல. ஆர்ட்டீமியா நன்னீரில் சில மணி நேரத்தில் செத்துவிடும். நீர்த்தெள்ளு தின்னப்படும்வரை உயிரோடு நீந்தும், ஆகவே நீர் எளிதில் கெடாது. அதற்கு உணவாக ஒரு சிட்டிகை ஈஸ்ட்டைக் கரைத்து, தொட்டி நீர் இலேசாக மங்கும் அளவுக்கு ஊற்றி, அது தெளிந்த பிறகே அடுத்த வேளை ஊற்ற வேண்டும். நீர்த்தெள்ளு உள்ள நீரை டீ வடிகட்டியில் ஊற்றினால் பெரியவை மேலே தங்கும். கீழே இறங்குவதுதான் சிறு குஞ்சுகளுக்கு உரியது.

திறந்த தொட்டியில் தட்டான் வந்து முட்டையிடும். கொசுவலை போட்டு மூடுங்கள். கண்ணாடிச் சுவரில் ஹைட்ரா தென்பட்டால் அந்தத் தொட்டியிலிருந்து அதற்குப் பிறகு ஒன்றும் எடுக்க வேண்டாம்.


வாணி, ஹாரோ

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. முட்டையும் காற்றுக் குழாயும் வாங்கிவிட்டோம்; முதல் பாட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. முதலில் பொரித்தவை தலையைத் திருப்பிப் பாயத் தொடங்கிவிட்டன. குஞ்சுகளுக்குப் போதுமான அளவு உணவு கிடைத்தது என்பதை எப்படி அறிவது? ஒன்றையொன்று கடிக்கும் என்று படித்தேன், அதைத் தடுக்க வழி உண்டா? எத்தனை கிழமைகளுக்குப் பின் உயிரில்லாத உணவுக்கு மாற்றலாம்? இத்தனை குஞ்சுகளையும் எங்களால் வளர்க்க முடியாது என்பதும் இப்போது புரிகிறது.


மலர், மான்செஸ்டர்

வாணி அக்கா, நான் கால்நடை மருத்துவமனை ஒன்றில் தாதியாக இருக்கிறேன். உங்கள் முதல் கேள்வியில் மகனைப் பற்றிக் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன்.

ஈரூடகவாழிகள் நோயின் அறிகுறி எதுவும் இல்லாமலேயே சல்மொனெல்லா கிருமியைச் சுமந்திருக்கக் கூடும். அமெரிக்காவில் 2008 முதல் 2011 வரை பரவிய ஒரு தொற்று, வீடுகளில் வளர்த்த சிறு ஆப்பிரிக்கத் தவளைகளோடு தொடர்புபட்டிருந்தது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோர் சிறு பிள்ளைகள். தொட்டி நீரில் கைபட்டாலே தொற்றலாம். ஆகவே உங்கள் மகன் தாராளமாக உதவலாம், ஆனால் முடித்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். அதை நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களைத் தொட்டி வேலையில் சேர்க்க வேண்டாம். தட்டுகளைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். வடிகட்டி, கரண்டி, வாளி எல்லாம் இதற்கென்றே தனியாக இருக்கட்டும். கைகளில் உள்ள கிறீம், வாசனைப் பொருள் எதுவும் குஞ்சுகளின் மெல்லிய தோலுக்கு ஆகாது என்பதால், வேலைக்கு முன்னும் கையை வெறும் நீரில் நன்றாக அலசிக்கொள்ளுங்கள்.

பிறகு நீங்கள் உறைந்த பிளட்வார்ம் (கடிக்காத ஒரு வகைச் சிறு பூச்சியின் சிவப்புக் குடம்பி) கட்டிகளுக்கு மாறும்போது கையுறை அணியுங்கள். அந்தப் புழுவின் சிவப்பு நிறத்துக்குக் காரணமான புரதம் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையைத் தரும். கண் வீக்கமும் மூச்சிரைப்பும் வரை போகலாம். உலர்ந்த தூளாக விற்பதை நான் வீட்டுக்குள் திறக்கவே மாட்டேன்.

அழுக்கு நீரைத் தோட்டக் குளத்திலோ மழைநீர் வடிகாலிலோ ஊற்றாமல் கழிப்பறையில் ஊற்றுங்கள். குஞ்சுகள் கூடிவிட்டன என்பதற்காக எந்தக் குளத்திலும் விடக் கூடாது. 1981ஆம் ஆண்டின் வனவுயிர், நாட்டுப்புறச் சட்டப்படி இது குற்றம். பொரித்தவற்றுக்கு இப்போதே நல்ல வளர்ப்பாளர்களைத் தேடத் தொடங்குங்கள். அடுத்த முறை, வளர்க்கப் போகும் எண்ணிக்கையை முதல் நாளே முடிவுசெய்து, மீதி முட்டைகளை உரு வளர்வதற்கு முன், முதல் ஓரிரு நாட்களுக்குள் உறைபெட்டியில் வைத்துவிடுவதே இரக்கமான வழி. ஆணையும் பெண்ணையும் வேறு தொட்டிகளில் பிரித்து வைப்பது அதைவிட நல்லது. அடுத்தடுத்து முட்டையிடுவது பெண்ணின் உடலை உருக்கிவிடும்.


இளங்கோ, வியன்னா

வயிற்றைப் பாருங்கள், அதுவே சொல்லிவிடும். உணவிட்டு ஒரு கால் மணி நேரம் கழித்து, தட்டின் பக்கவாட்டிலிருந்து விளக்கைப் பிடித்தால், தின்ற குஞ்சின் வயிறு உடலின் ஊடே ஆரஞ்சு நிறமாக, உருண்டு தெரியும். தின்னாதது வெளிறிக் கிடக்கும். எல்லா வயிறும் நிறம் மாறிய பின்னும் நீரில் நாப்ளிகள் மேகமாகத் திரண்டிருந்தால் நீங்கள் கொடுத்தது அதிகம். காலையும் மாலையும் சிறிது சிறிதாகக் கொடுத்து, இரண்டு மூன்று மணி நேரம் கழித்து அடியில் வெளிறிப் படிந்திருக்கும் செத்த நாப்ளிகளைச் சொட்டுக்குழாயால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். குஞ்சுகள் சாவதற்கு இந்தப் படிவே பெரும் காரணம். அது அழுகினால் அமோனியா ஏறும், செவுள்களில் வெண்பூஞ்சை பிடிக்கும்.

இந்தப் பருவத்தில் வடிகட்டி இயந்திரம் வேண்டாம், குஞ்சுகளை இழுத்துக்கொள்ளும். தட்டு நீரைத் தினமும் முழுதாக மாற்றுங்கள். லண்டன் குழாய்நீரில் குளோரினுக்குப் பதிலாகக் குளோரமைன் இருக்கக் கூடும். அது ஒரு நாள் திறந்து வைப்பதால் ஆவியாகிவிடாது. அமோனியாவையும் சேர்த்துக் கட்டுப்படுத்தும் நீர்ச்சீராக்கியைப் பயன்படுத்துங்கள். புதிய நீரும் பழைய நீரும் ஒரே வெப்பத்தில் இருக்க வேண்டும். 18 முதல் 20 டிகிரி வரை நல்லது, 24 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள்.

கடிப்பது உண்மைதான். முன்னங்கால் முளைக்கும் காலத்திலிருந்து, ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் வளரும்வரை, பக்கத்தில் அசைவதெல்லாம் அவற்றுக்கு இரைதான், உடன்பிறந்ததன் காலாக இருந்தாலும். பசியும் நெருக்கமும் உருவ வேற்றுமையும் சேர்ந்தால் கடி அதிகமாகும். அதனால் வேளை தவறாமல் உணவிட்டு, ஒரே அளவு குஞ்சுகளை ஒரே தட்டில் சேர்த்து, தலை மட்டும் பெரிதாகித் துரத்தித் திரிவதை உடனே தனியே பிரித்துவிடுங்கள். கால் இழந்த குஞ்சைச் சுத்தமான நீரில் தனியாக வைத்தால் அந்தக் கால் மீண்டும் வளரும். ஆனால் செவுள் முழுதும் போனது அதற்குள் மூச்சுக்குத் திணறும். அதற்கு ஆழம் குறைந்த, குளிர்ந்த நீர் வேண்டும்.

உணவு மாற்றத்தைக் கிழமைக் கணக்கில் சொல்வதைவிட உருவத்தைப் பார்த்துச் சொல்வதே சரி. குஞ்சுகள் வளரும் வேகம் வெப்பத்துக்கும் உணவுக்கும் ஏற்ப மாறும். இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டி, முன்னங்கால்கள் நன்றாக ஊன்றத் தொடங்கியதும், சற்றுப் பெரிய நீர்த்தெள்ளும் பொடியாக நறுக்கிய வளர்ப்புக் கரும்புழுவும் (பிளாக்வார்ம் என்னும் மெல்லிய நன்னீர்ப் புழு) கொடுக்கலாம். நறுக்கிய துண்டும் சிறிது நேரம் நெளியும் என்பதால் அவை தயங்காமல் பிடிக்கும். அதே வேளையில் உறைந்த பிளட்வார்மை உருக்கி, ஒரு துண்டைச் சாமணத்தின் நுனியில் பிடித்து வாயருகே மெல்ல ஆட்டுங்கள். சில குஞ்சுகள் முதல் நாளே வாங்கிக்கொள்ளும், சில பல நாள் மறுக்கும். மறுப்பவற்றுக்கு ஆர்ட்டீமியாவை நிறுத்திப் பட்டினி போட்டுப் பழக்க முயல வேண்டாம். இரண்டையும் சில காலம் சேர்த்தே கொடுங்கள். ஐந்து சென்டிமீட்டர் கடந்த பின் மண்புழுவை நறுக்கிக் கொடுக்கலாம். பூச்சிமருந்து தெளித்த புல்வெளியிலிருந்து எடுக்கக் கூடாது. உரக்குழியில் இருக்கும் வரிப்புழு கசப்பான நீரைச் சுரப்பதால் பெரும்பாலான குஞ்சுகள் அதைத் துப்பிவிடும். தூண்டில் கடைகளில் டென்ட்ரோபீனா என்ற பெயரில் கிடைக்கும் வளர்ப்புப் புழுவை வாங்கி, ஈரக் காகிதத்தில் ஒரு நாள் வைத்திருந்து, குடல் வெறுமையான பிறகு கொடுங்கள்.